கை கழுவாத சாப்பாடு

“சாப்பிட்டாச்சு மங்கை. ஆனா சாப்பிட்ட மாதிரி இல்ல.”

இதைத்தானே சொன்னார்? நீங்களும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தீர்கள், காதில் விழாமலா இருக்கும்? இதே பெஞ்சில், ஊசி குத்தின இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நான் கொடுத்த டப்பாவில் கொஞ்சத்தை முழுங்கிவிட்டு, மீதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்குள் சொன்னால் எனக்கும் சுவருக்கும்தான் கேட்கும். இங்கே லேப்பில் இத்தனை பேர். ரத்தம் எடுக்கிற அந்தப் பெண்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் பதிலுக்கு ஒன்று சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியுமா? அது கிடக்கட்டும்.

“காலாற நடந்துட்டு வாரேன்” என்று போனவரை இன்னும் காணோம்.

வந்துவிடுவார். எங்கே போகப் போகிறார்? சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தரம் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நீங்களும் அதற்குத்தானே காத்திருக்கிறீர்கள்? நல்லது. அப்படியென்றால் இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீர்கள். இல்லை, சும்மா கேட்டேன். போனா? போன் என் பையில் இருக்கிறது. கண்ணாடியும் என் பையில்தான். ஊசியைப் பார்க்கப் பயம் அவருக்கு, கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரே வருவது பஸ்ஸா பசுமாடா என்று தெரியாது.

வந்துவிடுவார்.

உங்கள் டப்பாவில் என்ன, இட்லியா? மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் மூடி வைத்தபிறகும் மணக்கிறது. வேண்டாம், வேண்டாம், நான் கேட்டது தெரிந்துகொள்வதற்காக. எனக்கு அந்த ஏக்கமெல்லாம் கிடையாது. அவருக்கு என்னவோ அதேதான் நானும் சாப்பிடுகிறேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கான்வென்ட்டில் படித்தவள் நான். இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது மரியாதை இல்லை என்று சிஸ்டர் பெனடிக்டா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். வாயை மூடி மெல்ல வேண்டும், தட்டைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், அடுத்தவர் தட்டைப் பார்க்கக் கூடாது. அந்த வளர்ப்பு.

அப்படி வளர்ந்த என்னைக் கொண்டுபோய் எந்த வீட்டில் கொடுத்தார்கள் தெரியுமா? மறுசோறு வாங்காமல் ஒருவர் எழுந்தால் சமைத்தவளை அவமானப்படுத்திவிட்டதாக நினைக்கிற வீட்டில். முதல் சோற்றுக்குக் குழம்பு, மறுசோற்றுக்கு ரசம், அதற்குமேல் மோர். மோர் விட்டுப் பிசைந்து, கை மணிக்கட்டு வரை வழிந்தால்தான் அவர்களுக்குச் சாப்பாடு முடிந்த கணக்கு. அதன்பிறகும் பரிமாறுகிறவள் கரண்டியை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும். சாப்பிடுகிறவர் இலைக்குமேலே கையைக் கவிழ்த்துப் பிடித்து “போதும்” என்று சொல்கிறவரை நகரக் கூடாது. கல்யாணமான புதிதில், அவர் சும்மா மென்றுகொண்டிருந்தார், சரி முடிந்தது என்று நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் மாமியார், “ஏளா, அவன் இன்னும் போதும்னு சொல்லலையே?” என்றார். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, இந்த வீட்டில் அந்த வார்த்தைக்குத்தான் நான் சமைக்கிறேன் என்று.

சமைத்தேனே. குறை வைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவருக்கு ஓர் அண்ணன், ஆவுடையப்பன் அத்தான். இரண்டு பேரும் ஒரே அச்சு. அதே தொப்பை, அதே வழுக்கை, சாப்பிடும்போது அதே மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்கள். போன வருடம் அத்தான் மகளுக்குக் கல்யாணம். மறுவீட்டன்றைக்குச் சொதிச் சாப்பாடு. உங்களுக்குத் தெரியாததா, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குச் சொதி வைக்காமல் மறுவீடு கிடையாது. தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிற குழம்பு, கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குக் காரக்கறி. நான்தான் பரிமாறினேன். அத்தான் இரண்டு தரம் சொதி வாங்கினார், மோரும் வாங்கினார். மூன்றாவதாகக் கரண்டியோடு நான் நின்றபோது கையைக் கவிழ்த்து, “போதும் மங்கை. நெறஞ்சிருச்சு” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை கழுவினார், உள்ளே போய்க் கட்டிலில் சாய்ந்தார்.

சாயங்காலம் காப்பி கொண்டுபோனது நான்தான். “அத்தான், காப்பி” என்றேன். மறுபடியும் சொன்னேன். அந்தக் கை வயிற்றுமேலே கவிழ்ந்தபடியே இருந்தது.

அது என்ன சத்தம்? ஆம்புலன்ஸ்தானே? இந்தப் பக்கமாகவா போகிறது? இல்லை, பாலத்துப் பக்கம் போகிறது. பாலத்துப் பக்கம்தான். அவர் அந்தப் பக்கம் நடக்க மாட்டார், வெயில் அடிக்கும்.

என்ன சொல்லிக்கொண்டிருந்தேன்? ஆமாம். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, ஒருநாள் இவருக்குச் சோறு போடுகிறேன். இவர் கையைக் கவிழ்த்து “போதும்” என்றார். என் கையிலிருந்த ரசக் கிண்ணம் தரையில் விழுந்தது. “என்னாச்சுளா?” என்றார். ஒன்றுமில்லை, கை வழுக்கிவிட்டது என்றேன். ஆனால் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். இந்த வீட்டில் இனிமேல் யாரும் வயிறு நிறைந்து எழுந்திருக்கப் போவதில்லை.

லேப்புக்குக் கூட்டிவந்தேன். சர்க்கரை இருந்தது, கொழுப்பு இருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அப்படிப் பார்க்காதீர்கள். சண்டை போடக் கையில் ஒரு காகிதம் கிடைத்த சந்தோஷம், அவ்வளவுதான். டயட்டீஷியன் ஒரு சின்னப் பெண். அவள் கொஞ்சம் குறையுங்கள் என்றாள், நான் நிறையக் குறைத்தேன். அரிசி போயிற்று. தேங்காய் போயிற்று. அப்பளம், வடகம், ஊறுகாய் எல்லாவற்றையும் வேலைக்கு வருகிற பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். காலையில் ஓட்ஸ். மத்தியானம் ஒரு கிண்ணம் வெந்த காய், ஒரு கிண்ணம் சுண்டல், கொஞ்சம் சாமைச் சோறு. ராத்திரி சூப். கையால் அள்ளிச் சாப்பிட்டால் அளவு தெரியாது என்று எல்லாவற்றுக்கும் ஸ்பூன். ஸ்பூன் பிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்தேன், இந்த வயதில்.

அவர் வாய் சும்மா இருக்குமா? ஓட்ஸைப் பார்த்து, “இது யாரோ ஏற்கெனவே சாப்பிட்டதுல்லா?” என்றார். சூப்பைப் பார்த்து, “பாத்திரம் கழுவுன தண்ணிய எனக்கு எதுக்குக் கொண்டாந்த?” என்றார். வெள்ளரியும் கேரட்டும் நறுக்கி வைத்தால், “ஆடு எங்க போச்சு, அது பட்டினியா?” என்றார். நானும் விடவில்லை. “ஆடு ஒழுங்கா சாப்ட்டு முடிச்சிட்டு வெளிய மேயப் போயிருக்கு, ஆட்டுக்கு இருக்க புத்தி உங்களுக்கு இல்ல” என்றேன். சிரிப்பார். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதன்பிறகுதான் இந்த ஒரே பாட்டு. சாப்பிட்ட மாதிரி இல்லை, சாப்பிட்ட மாதிரி இல்லை.

“பசிக்கா?” என்று கேட்பேன்.

“பசிக்கல.”

“வயிறு நெறையலையா?”

“நெறஞ்சுதான் இருக்கு.”

“அப்போ என்னதான் செய்யுது?”

“தெரியல மங்கை. என்னவோ ஒண்ணு இன்னும் வரணும்போல இருக்கு.”

இதற்கு நான் என்ன மருந்து வாங்குவது? டயட்டீஷியனிடம் கேட்டால், “வயிறு பழகிடும்மா, மனசு பழகத்தான் நாளாகும். மாசத்துக்கு ஒருநாள் பிடிச்சதச் சாப்பிடட்டுமே” என்கிறாள். பூனாவிலிருந்து என் மகன் போன் பண்ணி, “அம்மா, அப்பாவக் கொஞ்சம் விடும்மா” என்கிறான். உனக்கென்ன, நீ அங்கே இருக்கிறாய், காப்பி கொண்டுபோகப் போவது நீயா என்று கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை. “என்ன காப்பிம்மா?” என்கிறான்.

ஒருநாள் மத்தியானம் கேளுங்கள். அவருக்குக் கிண்ணங்களை வைத்துவிட்டு நான் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பூன் சத்தம் நின்றது. சரி, முடித்துவிட்டார், எழுந்து போவார் என்று பார்த்தால் நாற்காலி நகர்கிற சத்தமே இல்லை. குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். ஒன்றுமில்லை. போய்ப் பார்க்கிறேன். மேஜைமுன்னால் உட்கார்ந்திருக்கிறார். கண் மூடியிருக்கிறது. வலது கை மேஜைமேலே கிடக்கிறது. காலிக் கிண்ணங்கள்.

நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக்காரர்கள் மாடி ஏறி வந்துவிட்டார்கள்.

கண்ணைத் திறந்து, “என்னளா?” என்கிறார்!

“சாப்ட்டாச்சுன்னா எந்திரிக்க வேண்டியதுதானே? எதுக்கு அப்படியே உக்காந்திருக்கீங்க?”

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்பூனில் சாப்பிட்ட கை, ஒரு பருக்கை ஒட்டாமல், காய்ந்து, சுத்தமாக இருந்தது. “இன்னும் கை கழுவலையே” என்றார். “கழுவுறதுக்கு என்ன இருக்கு கையில?” என்றேன். “அதான். எப்ப எந்திரிக்கணும்னு தெரிய மாட்டேங்குது” என்றார்.

கீழ் வீட்டு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? எனக்குக் கோபம்தான் வந்தது. அன்றையிலிருந்து அவர் சாப்பிடும்போது நான் எதிரிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். மென்றால் தொண்டையைப் பார்ப்பேன். கண்ணை மூடினால் “ம்” என்பேன், திறந்துவிடுவார். பகலில் தூங்கினால் மூக்குக்கிட்டே கையை வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் அப்படி வைத்தபோது, தூங்கவில்லை, கண்ணை மூடியபடியே, “இருக்கேன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இளைத்துவிட்டார், பார்த்தீர்கள் அல்லவா? எல்லோரும் நல்லதுதானே என்கிறார்கள். சர்க்கரை இறங்கியிருக்கிறது, பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டிருக்கிறார். ஆனால் தெருவில் ஒருத்தர் நிறுத்தி, “என்ன சார், சொகமில்லையா?” என்று கேட்டார். அன்றைக்கு அவர் சட்டை போடும்போது பின்னாலிருந்து பார்த்தேன். தோள் எலும்பு இரண்டும் சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. சாப்பிட்டால் அத்தானை மாதிரிப் போய்விடுவார் என்று நான் பயந்தேன். இப்போது சாப்பிடாமலே போய்விடுவாரோ என்று பயப்படுகிறேன். ஆறு மாதமாக ஒருநாள்கூட, ஒரு வேளைகூட அவர் “போதும்” என்று சொல்லவில்லை. முதலில் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சொல்லாதவரை இருப்பார் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். கான்வென்ட்டில் படித்தவள் நான், எனக்கே தெரிகிறது.

இல்லை, ஒரு துண்டு மட்டும். அந்த ஓரத்துத் துண்டு. உங்கள் மனது கோணக் கூடாது என்பதற்காகத்தான். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டினதா? ம். இருக்கட்டும். பசியெல்லாம் இல்லை. ஃபிரிட்ஜைத் திறந்து வெறுமனே பார்த்துவிட்டு மூடுகிற பழக்கம் ஒன்று எனக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். அது வெக்கைக்காக.

இன்னொன்று இருக்கிறதா? வேண்டாம், மூடுங்கள்.

கூப்பிடுகிறாள், கேட்டதா? “காந்திமதிநாதன்! சாப்பாட்டுக்கு அப்புறம் ரத்தம் கொடுக்க வேண்டிய காந்திமதிநாதன்!” இருக்கிறார்ம்மா, இருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார், அடுத்த ஆளைக் கூப்பிடு. இதோ பக்கத்தில்தான் போயிருக்கிறார்.

எதிரே ஒரு ஹோட்டல் இருக்கிறதே, பச்சைப் போர்டு. உள்ளே வரும்போது அவர் அதைப் பார்த்ததை நான் பார்த்தேன். வாசலில் பெரிய சட்டியில் வடை போட்டுக்கொண்டிருந்தான். அங்கேதான் போயிருப்பார், எனக்குத் தெரியாதா? பொங்கலும் வடையும் சொல்லி, சாம்பாரை மேலே ஊற்றச் சொல்லி, கையால் பிசைந்து... ரத்தத்தில் அப்படியே காட்டிக்கொடுக்கும். காட்டட்டும். வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

சண்டை என்று எதைச் சொல்கிறீர்கள்? காலையில் நடந்ததா? அது சண்டையா? நான் அப்படி ஒன்றும் சொல்லவில்லையே. அவர் சாப்பிட்ட மாதிரி இல்லை என்றார். நான், “சாப்ட்ட மாதிரி இருக்கணும்னா உங்க அண்ணன் போன எடத்துக்குத்தான் போகணும், போங்க, அங்க தெனமும் சொதிதான்” என்றேன். பயத்தில் வருகிற பேச்சு, கேட்கிறவருக்குத் தெரியாதா? முப்பது வருடமாகக் கேட்கிறார். அப்புறம், பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று நானே குரலைத் தாழ்த்தி, “இன்னும் ரெண்டு வாய், முடிச்சிருங்க” என்று ஸ்பூனை நீட்டினேன்.

அப்போதுதான் அவர் டப்பாமேலே கையைக் கவிழ்த்தார்.

“போதும் மங்கை” என்றார்.

சிரிக்கக்கூட இல்லை. அதே மாதிரி கை. அதே வார்த்தை. எது போதும்? சாமை உப்புமா பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது, இதோ பாருங்கள், திறந்து காட்டுகிறேன். இதைச் சாப்பிட்டு யாருக்காவது போதுமா? ஆறு மாதம் சொல்லாதவர் இன்றைக்கு எதைத் தின்று போதும் என்கிறார்? எதற்கு அந்த வார்த்தை? கேட்பதற்குள் எழுந்து போய்விட்டார். நீங்கள் ஏன் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்? உங்களுக்கு என்னவோ புரிந்ததுபோல இருக்கிறது. எனக்குப் புரியவில்லை, சொல்லுங்களேன்.

மறுபடியும் கூப்பிடுகிறாள். “காந்திமதிநாதன்! சார் இருக்காங்களா, இல்லையா?”

எனக்கு முழங்கால் வலி, ரோட்டைத் தாண்ட முடியாது. அதுமட்டுமில்லை. இத்தனை நேரம் உங்களிடம் ஏன் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? நான் போய்ப் பார்த்து, அந்த ஹோட்டலில் அவர் இல்லையென்றால்? இங்கே உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அவர் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வடை தின்கிறார். திங்கட்டும். நெய் விட்டுத் திங்கட்டும். மறுபடி கேட்டு வாங்கட்டும், கை வழியட்டும். சர்க்கரை எங்கே வேண்டுமானாலும் ஏறட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நீங்கள் சின்ன வயது, கால் நன்றாக இருக்கிறது. ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன். நீலக் கட்டம் போட்ட சட்டை, வழுக்கை, கண்ணாடி இல்லாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருப்பார். இருந்தால் நான் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம், ஒன்றுமே சொல்ல வேண்டாம். அவர் பாட்டுக்குச் சாப்பிடட்டும். இந்தக் கண்ணாடியை மட்டும் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்தாருங்கள், பிடியுங்கள். எதற்கு அப்படிப் பார்க்கிறீர்கள்? போகிறீர்கள்தானே?